நான்காவது அடிக்கு முன்னால்

மார்ச் 4, செவ்வாய்.
இன்றும் அதே தப்பு. முதல் சரணத்தின் மூன்றாவது வரி முடிகிற இடத்தில் மூன்று அடிதான். நான் நான்கு எண்ணிவிட்டேன். மற்ற எல்லோரும் மூன்றாவது அடியில் ஓங்கி அடித்து நிறுத்த, என் கிட்டார் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி பின்னால் ஓடி வந்து சேர்ந்தது. மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்னொன்று: இந்தப் பாட்டில் டி கார்டு பிடிக்கும்போது முதல் கம்பியை அழுத்தக் கூடாதாம். அழுத்துகிறேன். இது எனக்கு வராதோ?

இதை எழுதியவளுக்குக் கிட்டார் வகுப்பில் டைரி என்றுதான் பேர். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். கம்பி மாற்றுவது எப்படி என்பதையும் எழுதுவாள், மாஸ்டர் நடுவில் இருமினால் அதையும் எழுதுவாள் என்று பின் வரிசையில் ஒரு பேச்சு உண்டு.

பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடி விற்கிற முன்பக்கத்தில் அல்ல. சில்லு தேய்க்கிற பின்பக்கத்தில். சில்லின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்து, ஃபிரேமின் அளவுக்குக் கோடு இழுத்து, தண்ணீர் ஒழுக ஒழுகச் சுற்றும் கல்லில் ஓரத்தைக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால் சில்லு ஃபிரேமில் நிற்காமல் லொடலொடக்கும். கொஞ்சம் குறைந்தால் உள்ளேயே ஏறாது. அந்த வேலை அவளுக்கு நன்றாகக் கைவந்திருந்தது. ஆனால் அதுவே கிட்டாருக்கு எமனாயிற்று. மற்றவர்களுக்குக் கம்பி அழுத்தி விரல் நுனி காய்த்துவிட்டது. அவளுக்குக் காய்ப்பு பிடிக்கப் பார்க்கும். மறுநாள் கல்லின் தண்ணீர் அதை ஊறவைத்து உரித்துவிடும். ஒவ்வொரு சாயங்காலமும் பச்சைக் குழந்தையின் தோலோடு வந்து உட்கார்ந்து முதலிலிருந்து வலி படுவாள்.

பாட்டின் மேல் ஆசைப்பட்டு அவள் வகுப்பில் சேரவில்லை. ஒரு ஆளை நாலு பேர் முன்னால் நாறடிக்க வேண்டும். அதற்காகச் சேர்ந்தாள்.

அந்த ஆளின் முகம் இன்று ஊரெல்லாம் சுவரில் இருக்கிறது. கறுப்புச் சட்டை, கழுத்தில் சங்கிலி, வானத்தைப் பார்த்த தாடை. அவள் வீட்டில் மட்டும் அவன் பேர் கொக்கு. கழுத்து நீளம் என்பதால் அட்டைப்பெட்டி கம்பெனியில் வைத்த பேர். அவளுடைய அண்ணனும் கொக்கும் அங்கே வெட்டு மெஷினில் ஜோடி. சாயங்காலமானால் இருவரும் இந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கிட்டாரைப் பிறாண்டுவார்கள். கொக்கு அம்மா கையால் முட்டை பொரித்துச் சாப்பிடாமல் போனதில்லை. பிறகு ஒரு நாள் மெஷினில் அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று, மோதிர விரலும் சுண்டு விரலும். கவனக்குறைவு என்று கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. கொஞ்ச நாளில் கொக்கும் வேலையை விட்டான், குழு சேர்த்தான், ஒரு பாட்டால் உயர்ந்தான். ஒன்பது வருஷமாக அந்தப் பாட்டு இல்லாமல் அவன் மேடை இறங்கியதில்லை.

அந்தப் பாட்டு அண்ணனுடையது. ரேடியோவில் வருவதற்கு எவ்வளவோ முன்பே, பாத்திரம் கழுவிக்கொண்டு அண்ணன் அதே மெட்டை முனகியதை அவள் பள்ளிக்கூடப் பையோடு நின்று கேட்டிருக்கிறாள். அண்ணனிடம் கேட்டால் "விடு" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சிக்குக் கொக்கு வருவதாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம் ஸ்டேடியத்தில் அவனுக்குக் கச்சேரி. அதற்கு முன் அரை மணி நேரம் இங்கே தலை காட்டிவிட்டுப் போவான். டைரி அவனுடைய பாட்டையே எடுத்தாள். வாசித்து முடித்ததும் மைக்கில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் தயார் செய்திருந்தாள்: "இது எங்க அண்ணன் போட்ட பாட்டு. இவர் திருடினது." கண்ணாடி முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கும்போது 'திருடினது' என்ற இடத்தில் குரல் கீச்சிட்டது. அதையும் டைரியில் எழுதியிருந்தாள்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாட்டின் வரி என்ன சொல்கிறது என்று வாசிப்பவர் எழுந்து சொல்ல வேண்டும். "அர்த்தம் தெரியாம கம்பியைத் தொட்டா, அது வேலை, வாசிப்பு இல்ல" என்பார். வியாழக்கிழமை டைரியின் முறை. அவள் வரிகளைக் கரும்பலகையில் எழுதினாள்.

கிட்ட வா என்றாய், வந்தேன்
நேராய் நில் என்றாய், நின்றேன்
தள்ளிப் போ எனும் முன்னாலே
இறக்கினாயே உன் இரவை!
உன் வாயாலே ஊருக்கெல்லாம்
சொல்ல வைப்பேன், சொல்ல வைப்பேன்.

"காதல்" என்றார் மாஸ்டர், அவளை முந்திக்கொண்டு. "பொண்ணு கிட்ட கூப்பிடுது, அப்பறம் கைவிட்டுடுது. 'நீதான் என்னைக் கெடுத்தே'ன்னு அவ வாயாலயே சொல்ல வைக்கிறானாம். சுத்தமான காதல் தோல்வி."

"எந்தப் பொண்ணு சார் 'நேரா நில்லு'ன்னு காதலிக்குது?" என்றார் கூடப் படிக்கும் சலூன்காரர். "இது நான் சொல்றது. கிட்ட வாங்க, நேரா உக்காருங்க, தலைய ஆட்டாதீங்க. அவன் ஆட்டுவான். கத்தி எறங்கும்."

"உங்க கடைக்கு வந்தவன் எவனாவது எழுதியிருப்பான்" என்றாள் எக்ஸ்ரே எடுக்கிற அக்கா. "ஆனா எனக்கென்னவோ இது எங்க ரூம் மாதிரிதான் இருக்கு. கிட்ட வாங்க, நேரா நில்லுங்க, மூச்சை அடக்குங்க. விட்டுடலாம்னு சொல்றதுக்குள்ள லைட்டு போயிடும்."

"நீ என்னம்மா சொல்றே, டைரி?"

அவளுக்குக் கண் பரிசோதனைதான் தோன்றியிருந்தது. எழுத்துப் பலகைக்கு நேராக உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி இருட்டாக்குவது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். சாக்பீஸை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆளாளுக்கு அவங்கவங்க வேலைதான் தெரியுது, சார்."

"பாட்டுன்னா அப்படித்தான்" என்றார் மாஸ்டர். "அந்த மூணாவது அடியில பாரு, ஒரு அடிய முழுங்கிட்டுப் போறான் பாரு, அதுக்குத்தான் ஜனம் செத்துப் போகுது. அவனும் அந்த இடத்துல கைய ஓங்கி எறக்குவான். என்ன ஸ்டைல்!"

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு அந்த வாக்கியம் கூடவே வந்தது. ஆளாளுக்கு அவங்கவங்க வேலை. சரி, எழுதினவன் வேலை எது?

வீட்டில் அம்மா தையல் மெஷினில் ஆஸ்பத்திரித் தலையணை உறைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாகன நிறுத்தத்தில் டோக்கன் கிழிக்கிற வேலை முடிந்து வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். விரல் போன பிறகு வீட்டிலிருந்தபோது பழகிய பாத்திர வேலை அது; இன்னும் விடவில்லை. டைரி கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தாள். மோதிர விரல் நுனியில் கொப்புளம் உடைந்து பச்சையாக இருந்தது. கம்பியில் பட்டதும் உயிர் போயிற்று.

"மருந்து போட்டுக்கிட்டு நாளைக்கு வாசியேன்டி" என்றாள் அம்மா, மெஷினை நிறுத்தாமல்.

"நாள் இல்லம்மா."

"எவனுக்காக இப்படிச் சாகற? அவன் வருவான், பல்லைக் காட்டுவான், போவான்."

"பல்லைக் காட்டட்டும். அப்பறம் காட்ட முடியாத மாதிரி பண்றேன்."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்கண்ணனுக்கு இல்லாத கோவம் உனக்கு."

டைரி மோதிர விரலை மடக்கினாள். அதோடு ஒட்டிக்கொண்டு சுண்டு விரலும் மடங்கியது. மீதி இரண்டு விரலால் டி கார்டைப் பிடிக்கப் பார்த்தாள். மூன்றாவது கம்பியில் ஒரு விரல், இரண்டாவதில் ஒரு விரல். முதல் கம்பிக்கு விரல் இல்லை. அது தன்பாட்டுக்குத் திறந்து கிடந்தது. இருக்கிறதை வைத்து ஒரு தட்டு தட்டினாள்.

ரேடியோவில் வருகிற சத்தம் அப்படியே வந்தது. அழுத்தாத முதல் கம்பி, யாரோ கதவை மூட மறந்துபோன வீடு மாதிரி, அடங்காமல் ரீங்கரித்தது.

அவள் இன்னொரு கார்டை, ஈ மைனரை, அதே இரண்டு விரலால் பிடித்தாள். அதற்கு இரண்டு விரல்தான் வேண்டும். திரும்ப டி. பாட்டு முழுவதும் இந்த இரண்டே கார்டு. தன் இடது கையைப் பார்த்தாள். மடங்கிய இரண்டு விரல். நீட்டிய இரண்டு விரல். அந்தக் கை அவளுடைய கை மாதிரி இல்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" அண்ணன் ஈரக் கையோடு வாசலில் நின்றான்.

"யாரும் சொல்லல. விரல் புண்ணு." அவள் எழுந்து நின்றாள். "அண்ணா, இது விரல் போனதுக்கு அப்பறம் போட்ட பாட்டு."

அவன் அவள் மடக்கிய விரல்களைப் பார்த்தான்.

"நான் முன்னாடியே போட்டதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினேன்னு தெரியும். எனக்குத்தான் தோணல. வேலைக்குப் போயிட்டிருந்தப்ப நீ எங்க பாத்திரம் கழுவின?"

"உன் டைரியில இதையும் எழுதிக்கோ, போ."

"விரல் போனதும் கிட்டாரையே தொடலைன்னு சொன்னே."

"உங்க முன்னாடி தொடல." அண்ணன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். அவசரமில்லாமல், விரலிடுக்கு விரலிடுக்காக. "இங்க பாரு. நீ மைக்கில திருடன்னு சொல்லப் போறியாம். அம்மா சொன்னா. அவன் திருடல. நான்தான் குடுத்தேன். பேரும் நீயே போட்டுக்கன்னு நான்தான் சொன்னேன்."

அம்மாவின் தையல் மெஷின் நின்றது. "என்னடா சொல்றே?"

அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். தலையணை உறைகளில் ஒரு அடுக்கை எடுத்து முன்னால் வைத்தான். "வெட்டு மெஷின்ல ரெண்டு பட்டன். ஒரே ஆளு ரெண்டு கையாலயும் அழுத்தினாதான் கத்தி எறங்கும். கை ரெண்டும் பட்டன்ல இருந்தா உள்ள மாட்டாதில்ல, அதுக்குத்தான். ஆனா அப்படி வெட்டினா வேலை நகராது. ஓனர் ஒரு பட்டன்ல அட்டைய மடிச்சுச் சொருகி, அழுத்தினபடியே நிக்க வெச்சிட்டாரு. அதுக்கப்பறம் ஒருத்தன் அட்டை அடுக்கை உள்ள தள்ளுவான், இன்னொருத்தன் மிச்ச பட்டனை அழுத்துவான். நான் தள்ளறது, கொக்கு அழுத்தறது. எங்களுக்கு ஒரு தாளம் உண்டு."

மூன்று விரல் கையால் உறை அடுக்கை நகர்த்தினான். "ஒண்ணு, கிட்ட தள்ளு. ரெண்டு, நேரா நிறுத்து. மூணு, கைய எடு. நாலு..."

உள்ளங்கையை மேஜையில் இறக்கினான். தம்ளர் குதித்தது.

"அன்னைக்கு அவன் ஏதோ பாடிக்கிட்டே மூணுலயே அழுத்திட்டான்."

டைரி மனசுக்குள் வரிகளை எண்ணிப் பார்த்தாள். கிட்ட வா, நேராய் நில், தள்ளிப் போ எனும் முன்னாலே. ஒன்பது வருஷமாக ஊரே கை தட்டுகிற அந்த முழுங்கிய அடி, அவள் தினமும் தப்பு செய்கிற அந்த அடி.

"அப்ப நீயே அழுத்திக்கிட்டேன்னு ஏன்டா சொன்னே?" என்றாள் அம்மா.

"அவன் அழுதான். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கு, இப்ப வேலை போனா எல்லாம் போச்சுடான்னான். ரெண்டு நாள் பொறு, நானே ஓனர்கிட்ட என் வாயால சொல்லிடறேன்னு என் கைய பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். எந்தக் கைய? இந்தக் கட்டுப் போட்ட கைய. அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல."

"படுபாவி. இந்த அடுப்புலதானேடா அவனுக்குப் பொரிச்சுப் போட்டேன்."

"வாயால சொல்றேன்னான் இல்ல? சொல்ல வெச்சேன். இங்க உக்காந்துதான் சொல்லிக் குடுத்தேன். அந்த இடத்துல கைய ஓங்கி எறக்குடா, நல்லா இருக்கும்னு அதையும் சொன்னேன். ஊர் ஊராப் போய், காசு குடுத்து வந்த ஜனத்துக்கு முன்னாடி, தான் பண்ணினதைத் தானே பாடி, தானே செஞ்சும் காட்டிட்டு வர்றான்." அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போயிற்று. டைரி அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

"அவனுக்குப் புரியலியா?"

"புரியலியா, புரியாத மாதிரி இருக்கானா, தெரியாது. அதான் ஒரு குறை எனக்கு."

"அப்ப நான் மேடையில என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. திருடன்னு சொன்னா அவன் திருடனா மட்டும்தான் ஆவான். அவனை அவ்வளவு சல்லிசா விட எனக்கு மனசில்ல."

சொல்லிவிட்டு அவன் பாத்திரம் தேய்க்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போதவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலும் ஆள் நின்றது. மழை வருகிற மாதிரி புழுக்கம். கொக்கு முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சதை போட்டதில் கழுத்து கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அண்ணன் வரவில்லை. "எனக்கு டூட்டி" என்றுவிட்டான். அம்மா மட்டும் கடைசி வரிசையில், மடியில் கைப்பையோடு, பல்லைக் கடித்தபடி.

டைரி மேடையேறியதும் மாஸ்டர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "நம்ம சிறப்பு விருந்தினரே நம்ம டைரியோட சேர்ந்து பாடினா எப்படி இருக்கும்?" ஹால் இரண்டாகப் பிளக்கிற மாதிரி கைதட்டல். கொக்கு வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டிக்கொண்டே எழுந்து வந்துவிட்டான். கிட்ட வந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தான். அடையாளம் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு இரட்டைப் பின்னல்.

அவள் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிட்ட வா என்றாய், வந்தேன். ஜனம் சேர்ந்து பாடியது. நேராய் நில் என்றாய், நின்றேன். சலூன்காரர் பெஞ்சில் தாளம் போட்டார். கொக்கு கண்ணை மூடி, வலது கையை மேலே ஓங்கினான். தள்ளிப் போ எனும் முன்னாலே...

டைரி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றில் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கொக்கின் கை இறங்கியது. சத்தமே இல்லாத ஹாலில், அவன் கை மட்டும் தனியாக, வெறும் காற்றை வெட்டிக்கொண்டு இறங்கியது.

நான்கு. அவள் ஓங்கி அடித்தாள்.

"அட, அவர் பாட்டையே அவர் தப்பாப் பாடறாரு!" யாரோ கத்த, ஹால் சிரித்தது. கொக்கும் சிரித்துக்கொண்டே திரும்பினான், இந்தப் பெண்ணுக்குத் தாளம் தெரியவில்லை என்று காட்டுகிற சிரிப்பு. அப்போதுதான் அவள் கை கண்ணில் பட்டது. மடங்கின இரண்டு விரல். அவன் அந்தக் கையிலிருந்து முகத்துக்கு வந்தான். முகத்திலிருந்து திரும்பக் கைக்குப் போனான். கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

பாட்டு நிற்கவில்லை. டைரி நிறுத்தவில்லை. இரவை இறக்குகிற வரி சிரிப்பிலேயே போயிற்று; அதற்கடுத்த வரிக்கு ஜனம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "உன் வாயாலே" என்றான். அதற்கு மேல் வரவில்லை. ஜனம் அதைத் தனக்கு விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, மீதியைக் கூரை அதிரப் பாடியது: ஊருக்கெல்லாம் சொல்ல வைப்பேன், சொல்ல வைப்பேன். அவன் நடுவில் மைக்கைப் பிடித்தபடி, நேராக, சொன்ன இடத்தில் நின்றான்.

அடுத்த சரணத்தை அவன் பாடவில்லை. அவள் அடித்த கடைசி அடியில் முதல் கம்பி அறுந்து, மணிக்கட்டில் கோடு போட்டது.

மேடைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கி வைத்த இடத்தில் கொக்கு அவளைப் பிடித்தான். "அவன் குட்டித் தங்கச்சியா நீ? அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?" நெற்றியெல்லாம் வேர்வை. "யார் யார்கிட்ட சொல்லியிருக்கான்?"

தயார் செய்த வாக்கியம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. குரலும் கீச்சிடவில்லை. "அண்ணன் யார்கிட்டயும் சொல்லல. நீங்கதானே சொல்லிட்டிருக்கீங்க, ஒன்பது வருஷமா."

அவன் வலது கையைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். வெளியே கார் வந்துவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் டூட்டி முடிந்து, ரொட்டியைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தான். ஒன்றுமே தெரியாதவன் மாதிரி கேட்டான்: "எத்தனாவது அடியில எறக்கினான்?"

"மூணுல. நான் நாலு எண்ணினேன்."

"தனியாவா எறங்கிச்சு?"

"தனியா."

அண்ணன் சிரித்தான். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தான். அம்மா முதுகில் தட்டிக்கொடுத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இனிமே பாட மாட்டான்டா" என்றாள்.

"எப்படிப் பாடாம இருப்பான்? அடுத்த வாரம் ஸ்டேடியம். ஜனம் அதைக் கேக்கத்தான் வருது. பாடலைன்னா ஏன்னு கேப்பாங்க. பாடுவான்மா. இத்தனை நாள் தெரியாம பாடினான், இனிமே தெரிஞ்சு பாடுவான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் மடியிலிருந்த கிட்டாரை வாங்கினான். இருவர் முன்னாலும் வாங்கினான். அறுந்த கம்பியின் சுருளை விரலால் நீவினான். "பட்டன்ல அட்டை சொருகினது ஓனர்தானே. அவருக்கும் ஒண்ணு பாதி போட்டு வெச்சிருக்கேன்."

"அதுல எத்தனை கார்டுண்ணா?"

"எனக்கு எத்தனை வரும்? ரெண்டுதான்."

மார்ச் 16, ஞாயிறு.
இன்று ஒரு அடி பிந்தினேன். தெரிந்தே. இது தப்பில் சேருமா என்று தெரியவில்லை, மாஸ்டரைக் கேட்கவில்லை. மோதிர விரல் புண் ஆறிவருகிறது.
நாளை: வேலைக்குப் போகும் வழியில் முதல் கம்பி வாங்க வேண்டும். சாயங்காலம் அண்ணனோடு உட்கார்ந்து, ஓனர் பாட்டின் முதல் இரண்டு வரி.